மருந்தடிக்க வேண்டாம், துடையுங்கள்

தொற்றுநோய்க் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்போ அலுவலகமோ மாணவர் விடுதியோ, பொறுப்பில் இருப்பவர்கள் கூடிப் பேசினால் முதலில் வருகிற யோசனை இதுதான்: "ஒரு ஸ்பிரே மெஷின் வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை மொத்தக் கட்டடத்துக்கும் மருந்தடிச்சிடலாம்." துப்புரவுக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்கள் வேலையை மேற்பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அந்த மெஷின் விஷயத்தில் நான் எப்போதும் எதிர்க்கட்சி.

காரணம் எளிது. பிசுக்கு படிந்த இடத்தின் மேல் விழும் துளி அடியில் இறங்காது. மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பக்கமும் கதவின் ஓரமும் நனையவே நனையாது. நனைந்த இடமும் கிருமி சாகிற அளவுக்கு நேரம் ஈரமாக இருப்பதில்லை. மிச்ச மருந்தெல்லாம் காற்றில் மிதந்து, மெஷினைத் தோளில் மாட்டியிருப்பவரின் மூச்சுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே இதை எழுத்தில் சொல்லிவிட்டது: கட்டடத்துக்குள் கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம், தெருவிலும் சந்தையிலும் வேண்டாம், மனிதர்கள் மேல் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. வாசலில் கூடாரம் போட்டு, வருகிறவர்களை அதற்குள் நடக்கவைத்து மருந்து தெளித்த இடங்கள் எத்தனையோ. கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம். நோயாளியின் மூச்சில் இருக்கும் கிருமியை அவர் சட்டைமேல் அடிக்கிற மருந்து என்ன செய்யும்?

சரி, மெஷின் வேண்டாம். அப்படியானால் எதை, எப்படி, எவ்வளவு?

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரையிலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் 48 மணி நேரம் வரையிலும், அட்டையின் மேல் 24 மணி நேரம் வரையிலும் உயிர்ப்போடு இருந்தது. செப்பின் மேல் 4 மணி நேரம்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் உலகமே காய்கறிக்கும் செய்தித்தாளுக்கும் மருந்து துடைக்க ஆரம்பித்தது. ஆனால் அது ஆய்வகத்தில் நிறைய வைரஸை வேண்டுமென்றே வைத்துப் பார்த்த கணக்கு. ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது: கிருமி பட்ட ஒரு பரப்பை ஒரு முறை தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் பரவியது காற்றின் வழியாக.

அதற்காகத் துடைப்பதை நிறுத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. அடுத்து வருகிற தொற்று கைவழியாகப் பரவும் வகையாக இருக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும் நோரோவைரஸ் அப்படித்தான் கட்டடம் கட்டடமாகப் போகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: ஜன்னலைத் திறப்பது முதல் வேலை, சோப்பு போட்டுத் துடைப்பது இரண்டாவது, கிருமிநாசினி மூன்றாவது. பட்ஜெட்டும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். எங்கு போனாலும் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் பார்க்கிறேன்.

கை படும் இடங்களின் பட்டியல்

மருந்து வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளி கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை நடந்து போங்கள். ஒரு தடவை காலையில், இன்னொரு தடவை எல்லோரும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில். மனிதர்கள் எங்கே கை வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். லிஃப்ட் பொத்தான், கதவுக் கைப்பிடி, விளக்கு சுவிட்ச் எல்லாம் எவருக்கும் தெரியும். தெரியாதவைதான் முக்கியம். மாடிப்படிக் கைப்பிடியை யாரும் முழு நீளத்துக்கும் பிடிப்பதில்லை. திருப்பத்திலும் கடைசிப் படிகளிலும்தான் பிடிக்கிறார்கள், அதுவும் விரல்கள் அடிப்பக்கத்தைச் சுற்றிக்கொள்ளும். துடைப்பவரோ மேல்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போவார். மூடப்போகும் லிஃப்ட் கதவைத் தடுக்க நீட்டும் கை படுகிற விளிம்பு, வருகைப் பதிவேட்டில் கட்டிவைத்த பேனா, குடிநீர்க் குழாயின் நெம்பி, தபால் பெட்டி மூடி, கூட்ட அறை நாற்காலியின் முதுகு, மோட்டார் சுவிட்ச், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையின் தாழ்ப்பாள். இந்தக் கடைசி இடத்தை நான் போன எந்தக் கட்டடத்துப் பட்டியலிலும் பார்த்ததில்லை. நாள் முழுக்க அழுக்குக் கையுறையோடு திறந்து மூடுகிற இடம் அதுதான்.

பொதுக் கழிப்பறையில் நான்கு இடங்கள்: உள்தாழ்ப்பாள், பிளஷ் பொத்தான், தண்ணீர்ப் பீச்சுக் குழாயின் பிடி, கை கழுவும் குழாயின் திருகு. இதில் நான்காவது வினோதமானது. கழுவாத கையால் திறக்கிறோம், கழுவிய கையால் மூடுகிறோம்.

பட்டியலில் வரக்கூடாதவையும் உண்டு. சுவர், கூரை, வெளி நடைபாதை, வண்டி நிறுத்துமிடத் தரை, செடித்தொட்டி. இவற்றுக்கு வழக்கமான பெருக்கலும் கழுவலும் போதும். அங்கே செலவாகும் நேரத்தை லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிடுங்கள். யாருக்கும் உடம்பு சரியில்லை என்று தெரியாத நாட்களில், ஒரு நாளைக்கு ஒரு முறை சோப்புத் துடைப்பே பெரும்பாலான கட்டடங்களுக்குப் போதுமானது. கூட்டம் அதிகமாகப் புழங்கும் லிஃப்டையும் கழிப்பறையையும் மட்டும் கூடுதலாக ஓரிரு முறை பாருங்கள்.

சோப்புக்கு ஏன் முதலிடம்

கொரோனா, இன்ஃபுளுயன்ஸா போன்ற வைரஸ்களுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்போ டிடர்ஜெண்டோ பட்டால் அந்த உறை சிதைந்துபோகும், வைரஸ் செயலிழக்கும். உறை இல்லாத நோரோவைரஸைச் சோப்பு கொல்லாது. ஆனால் பரப்பிலிருந்து பெயர்த்து எடுத்துத் துணிக்கு மாற்றிவிடும். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் பிளீச்சில் இருக்கும் குளோரினைப் பற்றியது. குளோரினுக்குக் கிருமி எது, அழுக்கு எது என்று தெரியாது. எச்சில், எண்ணெய், மண், தூசி என்று எதிரில் வருகிற எல்லாவற்றோடும் வினை புரிந்து தன்னைச் செலவழித்துக்கொள்ளும். அழுக்குப் பரப்பில் பிளீச் ஊற்றினால் அழுக்கு வெளுக்கும், கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால் கிருமிநாசினி தேவைப்படுகிற நாளிலும் முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர், அதற்குப் பிறகுதான் மருந்து.

துடைக்கும் துணியை நான் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடிக்கச் சொல்வேன். அப்படிச் செய்தால் திருப்பித் திருப்பி எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்தது. எட்டும் முடிந்தால் துணி சலவைக் கூடைக்கு. மருந்து வாளிக்குள் மறுபடி முக்கக் கூடாது. முக்கினால் வாளித் தண்ணீரே அழுக்காகி, அதைத்தான் ஐந்து மாடிக்கும் பூசிக்கொண்டு போவீர்கள். தரை மாப்புக்கும் இதே கதை. ஒரு வாளியில் சோப்பு, இன்னொன்றில் அலசும் தண்ணீர் என்று இரண்டு வாளி வேண்டும். அலசும் தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும். மாடிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் வாக்குவாதம் இருக்காது.

துணிக்கு நிறம் பிரித்துவிடுங்கள். கழிப்பறைக்குச் சிவப்பு, மற்ற இடங்களுக்கு வேறு நிறம். சிவப்புத் துணி கழிப்பறைக்கு வெளியே தென்பட்டால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வேலையின் போக்கு மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடம், கடைசியில் கழிப்பறை. உள்ளே உலர்ந்த விளக்குமாறு போடாதீர்கள். தூசி கிளம்பி மறுபடி எல்லா இடத்திலும் உட்காரும். ஈர மாப் போதும்.

பிளீச் கலக்கும் கணக்கு

கூட்டங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வியும், பதில் அதிகம் தவறாகப் போகிற இடமும் இதுதான். "ஒரு வாளிக்கு ஒரு மூடி" என்றெல்லாம் சொல்கிறார்கள். எந்த வாளி, எந்த மூடி?

பொதுப் பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.1 சதவீதக் குளோரின், அதாவது 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு). ரத்தம், வாந்தி, மலம் போன்றவை அதிகம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். திரவ பிளீச் வாங்கினால் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரினைத் தருகிற சேர்மம்) எத்தனை சதவீதம் என்று இருக்கும். கையில் இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு பிளீச்சுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது வந்துவிடும். 5 சதவீத பிளீச் என்றால் 5ஐ 0.1ஆல் வகுத்தால் 50, ஒன்று போக 49. ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர். பத்து லிட்டர் கரைசல் வேண்டுமானால் 200 மில்லி பிளீச், மீதி 9.8 லிட்டர் தண்ணீர். 0.5 சதவீதம் வேண்டுமானால் ஒன்றுக்கு ஒன்பது பங்கு: 100 மில்லி பிளீச், 900 மில்லி தண்ணீர், ஒரு லிட்டர் கரைசல்.

பிளீச்சிங் பவுடருக்குக் கணக்கு எடையில் வரும். வேண்டிய சதவீதத்தைப் பவுடரில் உள்ள குளோரின் சதவீதத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைக்கும். 35 சதவீதப் பவுடரில் 0.1 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 2.86 கிராம், பத்து லிட்டருக்கு 29 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 0.5 சதவீதத்துக்கு லிட்டருக்கு 14.3 கிராம். கண்ணளவு வேண்டாம், ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள். பவுடரைக் கரைத்ததும் சுண்ணாம்பு அடியில் படியும். சிறிது நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் துடைத்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு நிற்கும், "என்ன சுத்தம் பண்ணினீங்க?" என்று குடியிருப்பவர்கள் வந்து நிற்பார்கள்.

பிளாஸ்டிக் வாளி, பச்சைத் தண்ணீர். வெந்நீரில் குளோரின் சீக்கிரம் சிதையும், ஆவியும் அதிகமாகக் கிளம்பும். வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் மெதுவாக பிளீச். மாற்றிச் செய்தால் பிளீச்சே முகத்தில் தெறிக்கும். கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் வாசனை அடித்தாலும் அதில் பலம் இருக்கிறது என்று நம்ப முடியாது. கலக்காத பிளீச்சும் வெயிலிலும் வெப்பத்திலும் பலம் இழக்கும். மொட்டைமாடி நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்த கேன்கள் எத்தனையோ கட்டடங்களில் இருக்கின்றன. அவற்றின் லேபிளில் இருக்கும் சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நிழல், காற்றோட்டம், பூட்டு மூன்றும் உள்ள இடத்தில் வையுங்கள். வண்ணத் துணிக்கான பிளீச் என்று விற்பதில் பெரும்பாலும் குளோரின் இருக்காது. அது வேறு சரக்கு.

கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சாகும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாதாரணப் பரப்பில் சாக வேண்டியது 0.1 சதவீதத்திலேயே செத்துவிடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் துடைப்பவரின் மூக்குக்கும் லிஃப்டின் ஸ்டீலுக்கும்தான் போகிறது.

வேண்டியது அளவைவிட நேரம். மருந்து பட்ட பரப்பு குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். கடையில் வாங்கும் தயார்க் கிருமிநாசினி என்றால் லேபிளில் போட்டிருக்கும் நேரம். சிலவற்றுக்குப் பத்து நிமிடம் வரை போகும். தடவிய கையோடு காய்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிடுவதுதான் எங்கள் தொழிலின் பழக்கதோஷம். நான் சொல்லிக்கொடுக்கும் வழி: ஒரு மாடியின் எல்லாக் கைப்பிடிகளையும் நனைத்துக்கொண்டே போய்விட்டு, ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வந்து, வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துக்கொண்டு வாருங்கள். நேரம் தானாகக் கிடைத்துவிடும், உலோகத்தில் குளோரின் தங்கி அரிப்பதும் இருக்காது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 70 முதல் 90 சதவீத ஆல்கஹால் சிறிய பரப்புகளுக்கு நல்லது: லிஃப்ட் பொத்தான் பலகை, இன்டர்காம், விசைப்பலகை. தரைக்கும் சுவருக்கும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். மின்சாதனத்தின் மேல் நேராக அடிக்காமல் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். நோய்க்கிருமியைக் கொல்லும் என்று விற்கும் தரைத் திரவங்கள் பலவற்றில் குவாட் எனப்படும் அம்மோனியம் சேர்மம் இருக்கும். சோப்பு மிச்சமிருந்தால் அது வேலை செய்யாது, பருத்தித் துணி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; மைக்ரோஃபைபரோ லேபிளில் சொன்ன துணியோ பயன்படுத்துங்கள். பினாயில் மணம் வந்துவிட்டால் சுத்தம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. மணம் கிருமியைக் கொல்வதில்லை. வைரஸைக் கொல்லும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆள் நடமாடும் இடத்தில் புற ஊதா விளக்கும் ஓசோன் மெஷினும் வேண்டாம். முன்னது கண்ணையும் தோலையும் சுடும், பின்னது நுரையீரலை.

எதையும் எதோடும் கலக்காதீர்கள்

நோயைவிட எனக்குப் பயம் இதில்தான். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே போரில் ஆயுதமாகத் திறந்துவிட்டார்களே, அதே வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கழிப்பறையில் குனிந்து தேய்க்கிறவரின் முகமும் அங்கேதான் இருக்கும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. சில கண்ணாடித் துடைப்பான்களில் அம்மோனியா உண்டு, தேங்கிய சிறுநீரிலும் உண்டு. அதனால் சிறுநீர்க் கோப்பையில் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவாமல் பிளீச் ஊற்றக் கூடாது. பிளீச்சோடு வினிகர் கூடாது, ஆல்கஹால் கூடாது, பினாயிலும் கூடாது.

யாரும் வேண்டுமென்று இவற்றைக் கலப்பதில்லை. காலை ஷிஃப்டில் ஒருவர் ஆசிட் ஊற்றி ஊறவைத்துவிட்டுப் போவார், அடுத்து வருகிறவர் அது தெரியாமல் பிளீச் ஊற்றுவார். இதைத் தடுக்க ஒரே வழி, ஆசிட்டுக்கும் பிளீச்சுக்கும் நாள் பிரிப்பது. ஆசிட் நாளில் பிளீச் கேன் பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. அப்புறம், குளிர்பான பாட்டில்களில் மருந்து ஊற்றி வைக்கும் பழக்கம். அதை எங்கு பார்த்தாலும் நான் அங்கேயே கொட்டச் சொல்வேன். எந்தப் பாட்டிலாக இருந்தாலும் உள்ளே இருப்பது என்ன, எத்தனை சதவீதம், என்றைக்குக் கலந்தது என்ற மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும்.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் ஒரு கணக்கு. 2020இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க விஷமுறிவு ஆலோசனை மையங்களுக்குத் துப்புரவுத் திரவங்களாலும் கிருமிநாசினிகளாலும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 45,550 அழைப்புகள் வந்தன. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். நோய்க்குப் பயந்து செய்த சுத்தத்துக்கும் அந்தக் கூடுதலில் பங்கு இருந்திருக்கலாம்.

துடைப்பவரின் உடம்பு

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, தண்ணீர் ஊறாத ஏப்ரன், மூடிய காலணி. மருந்து கலக்கும்போது இந்த நான்கும் கட்டாயம். துணி முகக்கவசமோ அறுவை சிகிச்சை முகக்கவசமோ குளோரின் ஆவியைத் தடுக்காது. அதற்கு மருந்து ஜன்னலும் விசிறியும்தான். கழிப்பறைக்கு ஜன்னல் இல்லை என்றால் கதவைத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டு வேலை செய்ய வேண்டும், வாசலில் ஒரு பலகை வைத்துவிடலாம். காற்றில் பரவும் நோய்க்கான நல்ல முகக்கவசம் தனி விஷயம்; அது கட்டடத்தில் முதலில் துப்புரவுப் பணியாளருக்குத்தான் போக வேண்டும். ஒரே நாளில் எல்லா மாடிக்கும் எல்லா அறைக்கும் போகிறவர் அவர் ஒருவர்தானே.

கையுறை கழற்றுவதையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கையுறையின் வெளிப்புறத்தை மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உள்வெளியாகத் திருப்பிக் கழற்றி, மற்றக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, கழற்றிய கையின் விரலை இரண்டாவது கையுறைக்குள் விட்டு அதையும் திருப்பிக் கழற்ற வேண்டும். உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தேன், கை கழுவத் தேவையில்லை என்பது பெரும்பாலானோரின் கணக்கு. அந்தக் கணக்கு சரியில்லை.

ஆஸ்துமா உள்ளவருக்கு பிளீச் வேலை கொடுக்காதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள அவரிடம் கேட்டாக வேண்டும், கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாத விதத்தில் கேட்க வேண்டும். "கண்ணு எரியுது சார்" என்று ஒருவர் சொன்னால் அவர் சாக்குச் சொல்லவில்லை. கரைசலையும் காற்றோட்டத்தையும் போய்ப் பாருங்கள். கண்ணில் தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது இமையைத் திறந்து கழுவி, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ஆவியை இழுத்துவிட்டவரை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்; அறையைச் சரிசெய்வது அப்புறம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நேராக மருத்துவமனை.

நோயாளி இருந்த இடம்

தொற்று உறுதியான ஒருவர் பொது அறையில் இருந்திருக்கிறார் என்று தெரிந்தால் உடனே துடைக்க ஓடுவதுதான் எல்லோருடைய இயல்பு. எதற்கு? அறையை மூடி, வெளிப்பக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முடிந்த அளவு தள்ளிப்போடுங்கள், சில மணி நேரமாவது. காற்றில் இருப்பது அதற்குள் வெளியேறிவிடும். கொரோனாவுக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பின்னாளில் கொடுத்த வழிகாட்டுதல் எளிமையானது: அவர் போய் 24 மணி நேரத்துக்குள் என்றால் சோப்பும் கிருமிநாசினியும், 24 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை என்றால் சோப்புத் துடைப்பு மட்டும், மூன்று நாள் தாண்டிவிட்டால் வழக்கமான வேலையைத் தவிர எதுவும் வேண்டாம். மொத்த மாடியையும் சீல் வைத்து எல்லோரையும் கலவரப்படுத்த வேண்டியதில்லை. அவர் இருந்த அறை, போன கழிப்பறை, ஏறிய லிஃப்ட், அவ்வளவுதான்.

வாந்தியோ ரத்தமோ கிடந்தால் மேலே பிளீச்சைக் கொட்டாதீர்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, உறிஞ்சும் தாளைப் போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி எடுத்துப் பையில் கட்டுங்கள். இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். அதற்குப் பிறகு 0.5 சதவீதக் கரைசல், பத்து நிமிடம், தண்ணீர்த் துடைப்பு. திரைச்சீலை, போர்வை இருந்தால் உதறாமல் சுருட்டிப் பையில் போட்டுச் சலவைக்கு அனுப்புங்கள். கழிப்பறையில் மூடி இருந்தால் மூடிவிட்டுத்தான் பிளஷ் செய்ய வேண்டும்.

வேலை நடந்ததா என்று பார்க்க லிஃப்டில் ஒட்டிய கையெழுத்துத் தாளை நான் நம்புவதில்லை. பத்து மணிக்கே நான்கு மணிக் கையெழுத்தும் போட்டிருக்கும். யாரும் பார்க்காதபோது கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்துவிடுங்கள், மாலையில் தடவிப் பாருங்கள். ஆளைப் பிடிக்க அல்ல. புள்ளி அப்படியே இருந்தால் அந்த வேலைக்கு நேரமோ துணியோ போதவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்யத்தான்.

பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறக்கும்போது

முடக்கக் காலத்தில் வாரக்கணக்கில் பூட்டிய அலுவலகத்தையும் விடுதியையும் திறக்கும்போது எல்லோரும் மேசையைத் துடைக்கிறார்கள். மேசையில் ஒன்றுமில்லை, இத்தனை வாரத்தில் வைரஸ் தானாகவே செத்திருக்கும். ஆபத்து குழாயில் இருக்கிறது. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும், ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளி வழியாக நுரையீரலுக்குப் போகும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் நிமோனியாவால் இறந்தபோதுதான் இந்தக் கிருமி இருப்பதே தெரியவந்தது. அதனால் திறப்பதற்கு முன் தொட்டியைக் கழுவி நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் பழைய தண்ணீர் முழுக்கப் போகும்வரை ஓடவிடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, தெறிக்காமல், நல்ல முகக்கவசத்தோடு. வெந்நீர்த் தொட்டி இருந்தால் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது.

குழாய் முடிந்ததும் தரை வடிகால்கள். அடியில் வளைந்த பகுதியில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக்குழாயின் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது காய்ந்துபோகும். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. குளியலறைத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மாப் மட்டும் போட்டு வந்ததால் பல வீடுகளில் அந்த வளைவு காய்ந்திருந்தது. வெளியேற்ற விசிறியைப் போட்டதும் கழிவுக்குழாயின் காற்று நுண்துளிகளோடு வீட்டுக்குள் இழுக்கப்பட்டது என்று விசாரித்தவர்கள் கண்டார்கள். ஆகவே யாரும் புழங்காத குளியலறை, மாடியின் மூலையில் உள்ள வடிகால், ஆள் இல்லாத வீடு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு, வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெளியூர் போன வீட்டுக்காரர்களிடம் சாவி வாங்குவது அசோசியேஷன் செயலாளரின் வேலை, துப்புரவுப் பணியாளரின் வேலை அல்ல.